அரைச் சுற்றோடு நின்ற பெடல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். எழுதத் தெரியாமல் இல்லை. எட்டாவது வரை படித்தவள், தினமும் விளக்கேற்றி அம்மன் பாட்டுப் புத்தகம் படிக்கிறவள். தயக்கம் வேறு. கட்டின புருஷனை நான் என்னவெல்லாம் பேசினேன், அவர் என்னை என்னவெல்லாம் பேசினார் என்பதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. வீட்டுக்குள் நடந்ததைத் தெருவில் கொண்டுபோய் வைப்பதா என்று பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

மடங்காத கால் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, அந்த ஆளையும் வெறுத்து, தன்னையும் வெறுத்து, சாமி படத்துக்கு முன்னால் நிற்கக் கூசிப்போயிருக்கிற பெண் எங்காவது இருப்பாள். அவளை நினைத்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருவொற்றியூர். என் வீட்டுக்காரர் கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கும் யார்டு ஒன்றில் கிரேன் ஓட்டுகிறவர். இரண்டாயிரம் பிறந்தால் உலகம் அழிந்துவிடும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த காலம். யார்டில் அடுக்கியிருந்த இரும்புக் குழாய் ஒன்று சரிந்து உருண்டு அவர் வலது காலில் மோதியது. ரத்தம்கூட அதிகம் வரவில்லை. முழங்கால் சில்லு மட்டும் இரண்டாக உடைந்திருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கம்பி கட்டினார்கள் (உடைந்த சில்லின் இரண்டு பாதியையும் கம்பியால் இழுத்துச் சேர்ப்பது). கட்டுப் பிரித்தபோது கால் நேராக இருந்தது. சந்தோஷப்பட்டோம். நேராக மட்டும்தான் இருக்கும் என்பது வீட்டுக்கு வந்து அவர் கக்கூசுக்குப் போகும்போதுதான் தெரிந்தது. குந்த முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "தேவகி, தேவகி" என்று கத்தினார்.

எலும்பு டாக்டர் அதற்கு மூட்டு இறுக்கம் என்று பெயர் சொன்னார் (அசையாமல் கிடந்ததால் மூட்டுக்கு உள்ளே சதையும் நாரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது). அந்த ஒட்டல் பிரிய வேண்டுமானால் நின்ற இடத்தை விட்டு ஓடாத சைக்கிள் மிதிக்க வேண்டும். பிசியோதெரபி அறையில் (பயிற்சி கொடுத்து மூட்டைப் பழக்கும் இடம்) அப்படி ஒன்று இருந்தது. அங்கிருந்த அம்மா கண்டிப்பானவர். முட்டி போதுமான அளவு மடங்கினால்தான் பெடல் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும், இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும் என்று அவர்தான் விளக்கினார். முழுச் சுற்று வராத காலால் கிரேன் ஏணி ஏற முடியாது என்பதையும் அவர்தான் சொன்னார். ஏணி ஏறாவிட்டால் எங்கள் வீட்டில் உலை ஏறாது. அது எனக்கே தெரியும்.

தினமும் பஸ்ஸில் நெருக்கியடித்துப் போய் வர முடியவில்லை. வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் என் தம்பி, வீட்டிலிருந்த பழைய சைக்கிளுக்கு ஓர் இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தான். பின்சக்கரம் தரையில் படாமல் அந்தரத்தில் சுற்றும். எங்கள் ஒற்றை அறையில் பீரோவுக்கும் சாமி அலமாரிக்கும் நடுவில் அதை நிறுத்தினோம். ஹேண்டில்பாரில் மஞ்சள் குங்குமம் வைத்தேன்.

அப்போது அவர் நன்றாகவே மிதித்தார். முனகினாலும் மிதித்தார். பங்குனி முடிவதற்குள் பெடல் முழுதாகச் சுற்றியது. வரிசை வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று, "இன்னாபா சேகரு, எது வரைக்கும் போய்க்கினுகீறே? டோல்கேட் தாண்டிட்டியா?" என்று கேட்பார்கள். "மணலி கம்பெனி வாசன வருது, வழி தப்பிட்டேன் போலக்கீது" என்று இவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

சித்திரையில் மகளுக்கு அம்மை வந்தது.

எங்கள் பக்கத்தில் அம்மை வந்தால் நோய் என்று சொல்ல மாட்டோம். அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்போம். வாசலில் வேப்பிலை செருகிவிட்டேன். தாளிப்பதை நிறுத்தினேன். வெளியாள் யாரும் உள்ளே வருவதில்லை, நாங்களும் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை. மூன்றாம் தண்ணீர் தலைக்கு ஊற்றுகிற வரை அப்படித்தான். காசிமேட்டில் மீன் விற்கும் என் நாத்தனார், அவருடைய அக்கா, இளநீரோடு வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"இன்னாடி இது? அம்மா வந்து குந்திகினுகீற வூட்ல இரும்ப உட்டுச் சுத்திகினு கீறீங்க? ஒடம்பெல்லாம் சூடு ஏறும். கொழந்தைக்கு எறங்க வேணாமா? நிப்பாட்டச் சொல்லு அவன!"

நிறுத்தினோம். மகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குள் மகனுக்கு முத்துப் போட்டது. அவனுக்கு இறங்கி முடிந்ததும் எனக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். எனக்கு இறங்கியபோது ஆடி பிறந்துவிட்டது. மூன்று பேரையும் கண் மூக்குக்குக் குறையில்லாமல் விட்டாளே என்று, அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வரை வீட்டை அப்படியே சுத்தமாக வைத்திருப்பதாக நேர்ந்துகொண்டேன். சைக்கிள் மேல் துவைத்த துணி காய்ந்தது.

அவரும் நிறுத்தியதற்கு வருத்தப்படவில்லை. "வலியே இல்லம்மே இப்ப. சொம்மா காலுக்கு ரெஸ்ட்டு குடுத்ததுக்கே நல்லாக்கீது" என்றார். நானும் நம்பினேன். படிக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். வலி நின்றது குணமானதால் அல்ல. மூட்டு அசைவதையே விட்டுவிட்டது, அதனால் வலிக்க ஒன்றும் இல்லாமல் போனது.

கூழ் ஊற்றி முடித்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் முட்டியைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். கட்டையைப் பிடித்து மடக்குவது போல இருந்தது.

"யாரும்மா நிறுத்தச் சொன்னது?"

"வூட்ல அம்மை போட்டுச்சு சார்."

"அம்மை போட்டது புள்ளைங்களுக்கு. இவர் காலுக்கு யாரு லீவு குடுத்தது?"

டாக்டர் அதற்குமேல் எங்களைப் பார்க்காமல் பேசினார். மறுபடி சைக்கிளில் ஏற வேண்டும். அடுத்த முறை வருவதற்குள் முழுச் சுற்று வரவில்லை என்றால் மயக்கம் கொடுத்து மடக்க வேண்டியிருக்கும் (ஆள் நினைவில்லாமல் இருக்கும்போது டாக்டரே முட்டியை அழுத்தி வளைத்து ஒட்டலைப் பிய்ப்பது). கம்பி கட்டிய சில்லு அப்போது மறுபடி உடையலாம். உடைந்தால் நடப்பதே சந்தேகம்.

வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். இவர் காலை நீட்டியிருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அந்தக் காலைத் தாண்டிப் போனார்கள். ஒரு ஆயா, "காலை மடக்குயா, வழியில நீட்டிகினு" என்று அதட்டிவிட்டுப் போனாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை அதுவரை நான் பார்த்ததில்லை.

"உன் சாமியும் நீயும் சேந்து என் கால வாங்கிட்டீங்க" என்றார்.

மறுநாள் காலை துணிகளை எடுத்துவிட்டு சைக்கிளில் ஏற்றினேன். முதல் தடவை பழகும்போது இருந்த பொறுமை இரண்டாம் தடவை யாருக்கும் இல்லை. முதல் தடவை தெரியாத பாதை. இப்போது ஒருமுறை போய்ச் சேர்ந்த இடத்துக்கு மறுபடி முதலிலிருந்து போக வேண்டும். பெடல் பாதி வரை வரும், நிற்கும், பின்னால் போகும், மறுபக்கம் பாதி வரை வரும், நிற்கும். ஊஞ்சல் மாதிரி. இதில் என்ன வலி என்று கேட்டால், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பயிற்சி அம்மா சில விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். சீட்டை முதலில் உயர்த்தி வையுங்கள், அப்போது முட்டி குறைவாக மடங்கினால் போதும். பின்பக்கமாக மிதித்துப் பழகுங்கள், முழுச் சுற்று அப்படித்தான் முதலில் வரும். இன்னொன்று, இடுப்பைத் தூக்க விடாதீர்கள். முட்டி மடங்காதவர்கள் அந்தப் பக்க இடுப்பைத் தூக்கிப் பெடலைத் தாண்டவிடுவார்கள். பார்க்கச் சுற்றுகிற மாதிரி இருக்கும், முட்டி அப்படியே இருக்கும்.

இடுப்பைத் தூக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பின்னால் நின்று இரண்டு உள்ளங்கையாலும் இடுப்பெலும்பை அழுத்திப் பிடிப்பேன். புருஷன் பெண்டாட்டி இவ்வளவு நெருக்கமாக நின்று இவ்வளவு விரோதமாக இருக்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கைய எடுமே. எமன் மாதிரி பின்னால நின்னுகினு."

"நீ இடுப்பத் தூக்காம மிதி, எடுக்கிறேன்."

"வலிக்குதுடி, சோமாறி!"

"வலிக்கட்டும். வலிச்சாதான் ஒட்டுனது உடும்."

"உங்கம்மா உன்ன பெத்தாளா, பட்டறையில அடிச்சாளா?"

"எங்கம்மாவ இழுத்தியோ, சீட்ட இன்னும் கீழ எறக்கிடுவேன்."

இப்படித்தான். இதைவிட மோசமாகவும். அவர் சொன்ன ஒரு வார்த்தையை நான் எழுதப் போவதில்லை. நான் சொன்னதில் ஒன்றை எழுதுகிறேன். "உழைச்சுப் போடுற கால் இல்லன்னா நீ இந்த வூட்டுக்கு இன்னாத்துக்கு?" என்று கேட்டேன். கேட்டபோது வருத்தமாக இல்லை.

ஒரு நாள் ஏற மாட்டேன் என்று பாயில் படுத்துக்கொண்டார். நான் சோற்றுப் பானையை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். "ஏறுறவனுக்குத்தான் சோறு" என்றேன். சொம்பைத் தூக்கி எறிந்தார், சக்கரத்தில் பட்டு நசுங்கியது. பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன. மாலைவரை அவர் ஏறவில்லை, நான் பூட்டைத் திறக்கவில்லை. அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை. அது பாசத்தால் அல்ல, வீம்பால்தான். விளக்கேற்றும்போது அம்மனிடம் இப்படித்தான் வேண்டினேன்: "தாயே, இந்தாளு முட்டிய மடக்கு, இல்ல வாய மூடு. ரெண்டுல ஒண்ணு பண்ணு." இப்படியும் வேண்டலாமா என்று கேட்பீர்கள். வேறு மாதிரி வேண்ட எனக்கு அன்று வாயில் சொல் இல்லை. அவளுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் அவர் ஏறினார். என்னிடம் பேசவில்லை. பேசாமல் மிதிப்பது திட்டிக்கொண்டு மிதிப்பதைவிடப் பயமாக இருந்தது.

வரிசை வீட்டில் எதுவும் மறைவதில்லை. பூட்டின சோறு காசிமேடு வரை போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாத்தனார் மீன் கூடையைக்கூட இறக்காமல் வாசலில் வந்து நின்றாள். இவர் சைக்கிள் மேல் இருந்தார், நான் பின்னால் நின்று இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் சீட்டைப் பழைய அளவுக்கு இறக்கிவிட்டிருந்தோம். பெடல் உச்சிக்குச் சற்று முன்னால் வந்து வந்து நின்றது.

"என் தம்பிய பட்டினி போட்டியாமே! மொட மனுசன்னு எளக்காரமா பூட்டானா உனக்கு?"

"நல்லா வந்துட்டீங்க அண்ணி. நிப்பாட்டச் சொன்னது நீங்க. இப்ப முட்டுக்கட்ட மாதிரி குந்திகினு கீறாரு, தாங்குறது நானு."

"அம்மா வந்த வூட்ல அடக்கமா இருன்னு சொன்னேன். சோத்தப் பூட்டுன்னா சொன்னேன்? ராட்சசி!"

"ராட்சசிதான். நீங்க இட்டுகினு போங்க உங்க தம்பிய. ரெண்டு நாளு வெச்சிப் பாருங்க."

"இட்டுகினு போறேன்டி! டேய் சேகரு, எறங்குடா அந்தக் கருமத்துலேர்ந்து!"

அவர் அக்காவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. அன்றைக்கு அவருக்கு எங்கள் இருவரில் யாரை அதிகம் பிடிக்காமல் இருந்தது என்று தெரியவில்லை.

"ரெண்டு பேரும் வாய மூடுங்கடி!" என்று கத்திக்கொண்டே காலை ஓங்கி மிதித்தார்.

முட்டிக்கு உள்ளே ஏதோ கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அவர் அலறினார். நாத்தனார் கூடையை நழுவவிட்டாள், மத்தி மீன் வாசலெல்லாம் சிதறியது. சில்லு போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். என் கை இன்னும் இடுப்பெலும்பின் மேலேயே இருந்தது. இடுப்பு எழும்பவில்லை. குனிந்து பார்த்தேன். பெடல் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இருந்தது.

"வந்துச்சா?" என்றார். கண்ணைத் திறக்கவில்லை.

"வந்துச்சு."

"பொய் சொல்றியா?"

"நான் ஏன் பொய் சொல்லணும். இன்னொரு வாட்டி போடு, நீயே பாரு."

"வலிக்குது தேவகி."

"போடு."

போட்டார். வந்தது. மூன்றாவதும் வந்தது. அவர் அழுதார், அழுதபடியே என்னைத் திட்டினார். நாத்தனார் ஓடிவந்து சாமி அலமாரியிலிருந்து விபூதியை அள்ளி அவர் முட்டியில் பூசினாள். அவளும் அழுதாள். நான் வெளியே போய் மீனைப் பொறுக்கினேன். எனக்கு அழுகை வரவில்லை.

மாலைக்குள் முட்டி பப்பாளி மாதிரி வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். சில்லு தப்பித்தது, ஒட்டல் பிரிந்திருக்கிறது என்றார். "இப்படி மூர்க்கமா மிதிக்கக் கூடாது. உங்க நல்ல நேரம். உடைஞ்சிருந்தா?" என்று கோபித்தார். அதையும் எழுதிவிடுகிறேன். யாரும் ஓங்கி மிதிக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக வேண்டும். எங்களுக்கு நடந்தது வைத்தியம் இல்லை, வெறி. மயக்கம் கொடுத்து மடக்க வேண்டியதில்லை என்று அவர் சொன்னபோது என் வீட்டுக்காரர், "சரி சார்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் மிதித்தார். திட்டு குறைந்தது, நின்றுவிடவில்லை. தை முடிந்து கிரேன் ஏணி ஏறினார். இன்றைக்கும் இடது காலை முதலில் வைத்துத்தான் ஏறுகிறார். முழுதாகக் குந்த முடியாது. அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "நீ மனுசியாவா இருந்தே?" என்பார். நானும் மறுப்பதில்லை. சில வார்த்தைகள் முட்டியில் ஒட்டிய சதை மாதிரி, பிரிந்தாலும் வடு இருக்கும்.

அம்மை வந்தால் இன்றும் வேப்பிலை கட்டுகிறேன், தாளிப்பதில்லை. அதில் மாற்றம் இல்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தவள் கேட்டது வேப்பிலையும் மோரும்தான். அவர் முட்டியை அவள் கேட்கவே இல்லை. நாங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

முன்பெல்லாம் எனக்கு நேரம் என்றால் ஷிஃப்டுக்கு ஊதுகிற கம்பெனிச் சங்குதான். இப்போது சங்கு ஊதினாலும் காதில் விழுவதில்லை. பெடல் உச்சிக்கு ஏறி, தாண்டுமா தாண்டாதா என்று நிற்கிற அந்த இடைவெளி இருக்கிறதே, ஒரு நாள் முழுவதும் அதற்குள் அடங்கும் என்று தெரிந்துகொண்டேன். வருடங்கள் அதைவிட வேகமாகப் போய்விட்டன. யாராவது படி ஏறினால் என் கண் முகத்துக்குப் போவதில்லை, முட்டிக்குப் போகிறது. கோயிலில் பிரகாரம் சுற்றும்போது சாமி கும்பிடுகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். மாவு பிசையும்போது சில சமயம் உள்ளங்கையில் அந்த இடுப்பெலும்பு தட்டுப்படுகிறது.

போன மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். அவள் புருஷன் படகுத் துறையில் விழுந்து முட்டி இறுகிக் கிடக்கிறானாம். பயிற்சியை விட்டுப் பல வாரம் ஆகிறதாம். ஏன் விட்டாய் என்று கேட்டேன். "உங்க நாத்தனார் சொன்னாங்கக்கா. அவங்களுக்கு அருள் வந்து விபூதி வெச்சதும் உங்க வூட்டுக்காரருக்கு அந்த நிமிசமே முட்டி மடங்கிடுச்சாமே. செவ்வாய்க்கெழம செவ்வாய்க்கெழம வெச்சிகினுகீறோம். இன்னும் மடங்கல" என்றாள்.

என் நாத்தனார் பொய் சொல்கிறவள் இல்லை. அவள் நின்ற இடத்திலிருந்து அப்படித்தான் தெரிந்திருக்கும். சொல்லச் சொல்ல சோற்றுப் பானையும் சொம்பும் திட்டும் உதிர்ந்து, விபூதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பெண்ணை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றைப் பூட்டியதைச் சொன்னபோது அவள் முகத்தை மூடிக்கொண்டு, "நானும் அடிச்சிட்டேன்க்கா அவர, நேத்து" என்றாள். அவள் போனதும் பேனாவை எடுத்தேன். இந்த முறை கீழே வைக்கவில்லை.

இதைப் படித்தவர்கள் வேறு யாருக்காவது சொல்வீர்கள் என்றால் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். என்னை நல்லவளாக்கிச் சொல்லாதீர்கள். அவரைப் பொறுமைசாலி ஆக்காதீர்கள். திட்டியதைத் திட்டியதாகவே சொல்லுங்கள். ஒரே நிமிடத்தில் மடங்கியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்ட வீட்டில் யாரோ ஒருவர் நாளைக் காலை சைக்கிளில் ஏறாமல் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருப்பார்.